கேமரா பார்க்கும் பக்கம்

அன்று முழுவதும் மூட்டம். காலையிலிருந்து சூரியன் தலைகாட்டவே இல்லை. அலபாமாவில் டிசம்பர் கடைசி அப்படித்தான் இருக்கும். குளிரைவிட ஈரம்தான் எலும்பைப் பிடிக்கும். சூடான சாக்லேட்டுக்கு அத்தனை பேர் எழுந்து போனதற்குக் காரணம் அதுதான் ஐயா. யாரும் அவர்களைத் தள்ளவில்லை.

நீங்கள் விசாரணைக்காகத் தலைநகரிலிருந்து வந்தவர். எங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆறு ஆட்டம் ஜெயித்த கல்லூரி ஃபுட்பால் அணிக்கு ஆண்டு முடிவில் பவுல் என்று ஒரு கௌரவ ஆட்டம் கிடைக்கும். நல்ல அணிகளைப் பெரிய நகரங்கள் எடுத்துக்கொள்ளும். எங்கள் மஸ்கடைன் பவுலின் முறை வரும்போது நாங்கள் பந்தி முடிந்தபின் வந்தவர்கள். மிஞ்சியதில்தான் பொறுக்க வேண்டும். பொறுக்கும் குழுவுக்கு நான் தலைவன்.

போன வருடம் தொலைக்காட்சி எங்கள் ஊரைக் காட்டியது. வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள், நடுவில் வாயைத் திறந்து தூங்கும் ஓர் ஆள். நாடே சிரித்தது. பிறகு தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து டெனிஸ் போனில் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க ரஸ்ஸல். காலி பெஞ்சைப் பார்த்தா ஜனங்க சேனலை மாத்திடறாங்க. இந்த வருஷமும் இப்படின்னா ஆட்டத்தை டெக்சஸுக்குக் கொண்டுபோயிடுவோம்."

நூற்பாலை போய்விட்டது. ரயில் நிற்பதில்லை. ஆண்டுக்கு ஒரு மதியம்தான் எங்கள் ஊர் இருக்கிறது என்று வெளியே தெரியும். அதையும் விட்டுவிட எனக்கு மனமில்லை.

இந்த முறை ஓர் அணி முன்பே முடிவாகிவிட்டது. எதிரணி இடத்துக்கு இரண்டு அணிகள் மிஞ்சியிருந்தன. ஒன்று எட்டு ஆட்டம் ஜெயித்தது. அதன் ரசிகர்கள் வீட்டைவிட்டு நகர மாட்டார்கள். இன்னொன்று வின்ஃபீல்ட் ஸ்டேட். சரியாக ஆறுதான். ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நான்காவது கால் பகுதி தொடங்கும்போது அவர்களுடைய பேண்ட் ஒரு பாட்டை வாசிக்கும். எல்லோரும் தோளோடு தோள் கோத்துக்கொண்டு ஒன்றாகக் குதிப்பார்கள். திரையில் நூறு பேர் ஆயிரம் பேராகத் தெரிவார்கள்.

குழுவில் மூத்தவரான கிளீவ் முனகினார். "எட்டு ஜெயிச்சவன வீட்டுக்கு அனுப்பிட்டு ஆறு ஜெயிச்சவனுக்கு விருந்தா? நாம ஃபுட்பால் நடத்தறோமா, டான்ஸ் நடத்தறோமா?"

"கூட்டம் வந்தா சரிதான் கிளீவ்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வின்ஃபீல்டுக்கே கை தூக்கினார்கள்.

கேமராக்கள் மேற்கில் இருக்கின்றன. அவை பார்ப்பது எதிரே உள்ள கிழக்குப் பார்வையாளர் மாடத்தை மட்டும். கிழக்கு மாடம் வசந்த காலத்திலிருந்தே மூடிக் கிடந்தது. மைதானத்தைப் பராமரிக்கும் ஓடெல் அதன் வாசலில் சங்கிலி போட்டிருந்தான். அவனும் நானும் பள்ளி அணியில் ஒன்றாக ஆடியவர்கள்.

"அடியில இரும்பெல்லாம் துரு தின்னுடுச்சு ரஸ். உக்காந்தா ஒருவேளை தாங்கும். குதிச்சா தாங்காது."

"நீ ஸ்கூல்லயே பயந்தாங்கொள்ளிடா."

"ஆமாண்டா. அதனாலதான் என் முட்டி ரெண்டும் இன்னும் என்கிட்ட இருக்கு. உன்னோடது எங்க?"

நியாயமான கேள்விதான். நான் நொண்டிக்கொண்டே போய், ஆட்டத்தன்று காலை அந்தச் சங்கிலியை அவிழ்த்தேன். சாவி என்னிடமும் ஒன்று உண்டு.

அப்போதும் கூட்டம் வரவில்லை. வந்தவர்களும் மேற்கில், கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டார்கள். ஒலிபெருக்கியில் நானே பேசினேன். கிழக்கு மாடத்தில் சூடான சாக்லேட் இலவசம், ஆளுக்கொரு கம்பளி இலவசம். அவர்கள் போனார்கள். குழந்தைகள் முன்னால் ஓடினார்கள். பேண்டையும் அங்கேயே உட்காரச் சொன்னேன். மைதானத்தில் பாதிக்குமேல் காலி. திரையில் ஓர் இடம்கூடக் காலியில்லை.

மூன்றாவது கால் பகுதி முடிந்தபோது நான் மேற்கே மேல்தளத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் ஓடெல் குரல்.

"ரஸ், நான் மாடத்துக்கு அடியில நிக்கறேன். இங்க முனகற மாதிரி சத்தம் கேக்குது. பேண்டை வாசிக்க வேணாம்னு சொல்லு. ரஸ், கேக்குதா?"

கேட்டது. காதில் மாட்டியிருந்த இன்னொரு கருவியில் டெனிஸ் பேசினாள். "அழகா இருக்கு ரஸ்ஸல். அப்படியே இருக்கட்டும்."

எதிரே பேண்ட் தலைவர் கோலை உயர்த்தினார். அவ்வளவு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. ஒரு வார்த்தை போதும், பேண்ட் நின்றிருக்கும். பேண்ட் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். சங்கிலியைப் பற்றிக் கேட்பார்கள். மாடத்தைக் காலி செய்வார்கள். டெனிஸின் திரையில் மறுபடியும் அந்தப் பெஞ்சுகள்.

வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைத்தேன். ஓடெலின் குரல் சிறுத்துச் சிறுத்து, இல்லாமல் போனது.

முதல் குதி. மாடம் தாங்கியது. இரண்டாவதும் தாங்கியது. பார்த்தாயா ஓடெல் என்று நினைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த குதியில் கண்ணாடி வழியாக ஒரு சத்தம், தூரத்தில் யாரோ கனத்த கதவைச் சாத்தியதுபோல. கம்பளிகளின் நிறத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அது அகலமானது. ஓரத்தில் இருந்த பேண்ட்காரர்கள் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியவில்லை.

ஓடெலை அடியிலிருந்து எடுக்க மறுநாள் ஆகிவிட்டது.

இந்த அறைக்கு மேலே யாராவது நடந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுகிறேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். மன்னியுங்கள்.

நீங்கள் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தீர்கள், எல்லாவற்றையும் கேட்டேன். சங்கிலியை அவிழ்த்தது நான். அழைத்தது நான். ஒலியைக் குறைத்ததும் நான். ஆனால் மாடம் விழும் என்று நான் நம்பவில்லை. ஓடெல் எதையும் பெரிதாக்கிப் பேசுபவன். நம்பியிருந்தால் மனிதனால் அப்படிச் செய்ய முடியுமா?

அன்று நான் என் மனைவியிடம் போனில் பேசியதைப் பற்றியும் கேட்டீர்கள். ஆம், இடைவேளையில் மார்லீன் எங்கள் மகள் பெத்தோடு கிழக்குப் பக்கம் போவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. போன் செய்தேன்.

"மார்லீன், அங்க போகாத. பெத்தைக் கூட்டிக்கிட்டு மேற்கிலயே உக்காரு."

"சாக்லேட் வேணுமாம் அவளுக்கு. நீங்கதானே மைக்ல கூவிக் கூவிக் கூப்பிட்டீங்க?"

"நான் வாங்கிட்டு வரேன். திரும்பிப் போ."

அவர்கள் திரும்பினார்கள். இருவரும் நலம்.

அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை ஐயா. பெத்துக்குக் குளிர் ஆகாது. மேற்குப் பக்கத்தில்தான் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது.