கெட்டிமேளம் கொட்டவைத்த எச்சரிக்கை

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பியதும், முன்சீட்டுப் பெண் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள்:

"என் தம்பி ராகு காலத்துலயே தாலி கட்டிட்டான்க்கா."

"ஏன்டி, ஐயரு இல்லியா?"

"மந்திரம் சொல்லிக்கினுதான் இருந்தாரு. ராகு காலம் முடிய இன்னும் பத்து நிமிஷம். திடீர்னு மண்டபத்துல இருந்த எல்லா செல்லும் ஒண்ணா அலறுது. புயல், வெள்ளம்னா சொல்றதுக்கு கவர்மெண்டு புதுசா வச்சிருக்குற எச்சரிக்கைச் சத்தமாம்."

"ஐயையோ!"

"அபசகுனமா ஒலிக்குதேன்னு, அது காதுல விழாம மேளக்காரங்க கெட்டிமேளம் கொட்டிட்டாங்க. மேளம் கேட்டதும் இவன் கட்டிட்டான்."

"நாத்தனாரு நீ பக்கத்துலதான நின்ன? தடுக்கக் கூடாதா?"

"அப்புறந்தான்க்கா செல்லப் பார்த்தேன். 'இது வெறும் சோதனை, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்'னு போட்டிருக்கு. அதுக்குள்ள மிச்ச ரெண்டு முடிச்சயும் நானே போட்டுட்டேன்."