அவள் பெயருக்குக் கீழே விட்ட இடம்

கதை எழுதுகிறவர்கள் வீட்டில் காபி சூடாகக் குடிக்கக் கொடுத்துவைக்காது, ஐயா. நீங்கள் தந்தது சூடாக இருக்கிறது. நன்றி.

என் மனைவி எழுதிய ஆறு பாகங்களையும் படித்திருப்பதாகச் சொன்னீர்கள். அரசர்கள், பறக்கும் நாகங்கள், போர்கள் எல்லாம் அவள் கற்பனை. துணை நூல் மட்டும் என் வேலை. அந்த உலகத்துக்கு வரைபடம், அகராதி, அரச குடும்பங்களின் வம்ச அட்டவணை. அவள் கோட்டை கட்டுவாள், நான் அதற்கு வழி போடுவேன்.

மூன்றாம் பாகத்தில் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு காவல்காரன் மகள் ஒருத்தி வருவாளே, அவள்தான் எங்கள் மகள் வாலு. எங்கள் வாலு ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். புத்தகத்தில் போகவில்லை. பாகத்துக்குப் பாகம் வளர்ந்தாள், வில் பிடித்தாள், இளவரசனையே மணக்க இருந்தாள். வாசகர்கள் சிரித்த இடங்களில் நான் அழுதிருக்கிறேன். அட்டவணையில் அவள் பெயருக்குக் கீழே நிறைய இடம் விட்டிருந்தேன். கல்யாணம், குழந்தை குட்டி என்று வரும் இல்லையா?

போன வாரம் மனைவி அதைப் பார்த்தாள்.

"அந்த இடம் வேண்டாங்க. இனி எழுதப்போற கடைசிப் பாகத்துல கோட்டை விழறப்ப அவ போயிடுறா."

"உனக்கு எப்படிம்மா மனசு வருது?"

"எத்தனை நாளைக்குப் பிடிச்சு வெச்சுக்கறது? அவளை ஒழுங்கா வழியனுப்பிடலாங்க. என்னால முடியலை."

நான் சண்டை போடவில்லை. பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்து எனக்கு மட்டும் மிச்சம் இருந்தது போலிருக்கிறது.

மறுநாள் மனைவிக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்துமா, பழைய தொந்தரவுதான். இன்ஹேலர் என் சட்டைப் பையில் இருந்தது. முதல் நாளே எடுத்து வைத்திருந்தேன். மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தேடினாள். என்னைப் பார்த்துக் கை நீட்டினாள். நானும் கூடவே தேடினேன்.

அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. உயிருக்கு உயிராகத்தான் இருந்தோம். ஆனால் ஒரே பிள்ளையை எத்தனை முறை பறிகொடுப்பது? அன்றைக்கு எங்களிடம் மருந்து இல்லை. இந்த முறை என் கையிலேயே இருந்தது, வாலுவைக் காப்பாற்றிவிட்டேன்.

நீங்கள் கொடுத்த தாள்களின் முன்பக்கத்தில் வாக்குமூலம் இருக்கிறது. பின்பக்கத்தில் கடைசிப் பாகத்தைத் தொடங்கியிருக்கிறேன். கோட்டை விழவில்லை. வாலு மதில்மேல் பத்திரமாக நிற்கிறாள். காலையிலிருந்து அவளைப் பேச வைக்கத்தான் பார்க்கிறேன். 'அப்பா' என்று ஒரு சொல் எழுதினேன், ஐயா. அது என் குரலாகத்தான் கேட்கிறது.