டேப்புக்குப் பேசப் போன கலியாணசுந்தரம்

— பொடவைக் கரைக்கு நூல் ஓட்டுற நாடாவைத் தள்ளு வடிவு. எவ்ளோ நேரம் தறியில சும்மா குந்திக்கினு இருக்கிறது?

— தள்ள மாட்டேன். அந்த டீச்சரை வரச் சொல்லுங்க... வந்து தள்ளட்டும்.

— எந்த டீச்சரு?

— ஓ... பேரு மறந்துபோச்சா? சின்ன காஞ்சிபுரம் அம்ருதவல்லி! தெனம் சாயங்காலம் அது ஊட்லதானே...

— அடியே, அவங்க மெட்ராஸு காலேஜிக்காக ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம பேச்சை டேப்புல புடிக்கிறாங்க. வுடாம நடக்கிற வேலையை நம்மூர்ல எப்படிச் சொல்றோம்னு...

— எப்படிச் சொல்றோமாம்?

— ‘வந்துக்கினு’, ‘நெய்துக்கினே’... அப்புறம் ‘பாத்துப் பாத்து’ன்னு ஒரே வார்த்தையை ரெண்டு தபா சொல்றோமில்ல, அதுவும் வுடாம நடக்கிறதுதானாம்.

— இதைச் சொல்ல மூஞ்சிக்கு பவுடரு எதுக்கு?

— வேர்வைடி...

— எம் பக்கத்துல குந்தி நெய்யறப்போ வேர்க்கலியா?

— உனக்கு இன்னாதான் கோவம்?

— பொறாமை! வயிறு எரியுது, போதுமா? எங்கிட்ட நாள் பூரா ‘தள்ளு, நிறுத்து’... ரெண்டே பேச்சு. அங்க போனா வாயி ஓயறதில்ல. நாளைக்கும் போனீங்க... வாலாஜாபாத் பஸ்ஸு ஏறி எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன். ரெண்டு பேரு குந்தி நெய்யற கோர்வைப் பொடவையை ஒண்டியா நெய்யுங்க, பாக்கலாம்.

— ஒண்டி ஆளு எப்படிடி...

— பொம்பளைங்க பேச்சும் வேணுமாமே? பக்கத்து ஊட்டு ஜெயம்மா போயி பேசிட்டு வந்தா. என்னை மட்டும் ஏன் இட்டுக்கினு போவலை?

— அது... வந்து...

— சொல்லுங்க.

— உனக்குப் பேச்சு வராதுன்னு சொல்லிட்டேன்.

— இன்னாது! கலியாணசுந்தரம் பொண்டாட்டி ஊமையா?

— கத்தாதடி... மெட்ராஸுல எத்தினி ஆம்பளைங்க உங் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டுக்கினு இருப்பாங்க. என்னால தாங்க முடியலை வடிவு. அதான் உன் பங்குக்கும் நானே தெனம் போயி பேசிட்டு வரேன்.

— அட என் சாமி...

— சிரிக்காத. எனக்கும் வயிறு இருக்குது, எரியுது. நாடாவைத் தள்ளு.

— தள்றேன்... ஆனா திட்டக் கூடாது. நேத்து நீங்க பட்டு வாங்க சங்கத்துக்குப் போனப்போ, நான் அந்த டீச்சரு ஊட்டுக்கே போயி சண்டை போட்டுட்டேங்க. அது டேப்பைத் தட்டி வுட்டுச்சு. நான் ஏசிக்கினே இருந்தேன்... டேப்பு சுத்திக்கினே இருந்துச்சு.