பட்டருக்கு வெட்டிய குழி

டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல், சார். பரவாயில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன் நாக்கு, குறை சொல்லாமல் இருக்காது.

எல்லாவற்றையும் சொல்கிறேன். என் மனைவி ஜிஸ்மி அழுததிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சூரியநெல்லி எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. பிள்ளைகள் இல்லை. பொட்டு என்று ஒரு நாய் இருந்தது. அது வயதாகிச் செத்தது. அதில் என் கை இல்லை. அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஜிஸ்மி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். ஆறுதல் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு வினோ வந்து, "நாய்தானக்கா, விடுங்க. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள். அவள் புருஷன் செத்தால் நானும் இதையே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உபதேசியார், "மிருகத்துக்கு ஆத்துமா கெடையாதும்மா" என்று ஜெபம் பண்ணி, காபியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவள் தம்பி ரிஞ்சு, யாரோ வளர்த்த நாயின் படத்தைப் பொட்டு என்று ஸ்டேட்டஸ் வைத்தான்.

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். குழி வெட்டிப் புதைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜிஸ்மி என் தோளில் சாய்ந்தாள். கல்யாணமான புதிதில் சாய்ந்ததுதான், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

"ஒங்களுக்கு மட்டுந்தான் புரியுது" என்றாள்.

பிறகு கொஞ்ச நாள் நல்ல நாள். வேலை முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பாள். சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்வாள். ஆனால் துக்கமும் கேஸ் சிலிண்டர் மாதிரிதான், சொல்லாமல் தீர்ந்துவிடும். ஒரு நாள் வீட்டுக்கு வந்தால், வினோவோடு சீரியல் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சோறு மூடி வைத்திருந்தது.

பூப்பாறையிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்தேன். சீனி என்று பெயர் வைத்தாள். "ஜோபி அண்ணன் மாதிரி ஒரு புருசன் கெடைக்கணும்" என்று வினோ லயம் முழுக்கச் சொன்னாள். நான் அவசரப்படவில்லை. பாசம் வைக்காத நாய் செத்து யாருக்கு என்ன பயன்? தன் தட்டிலிருந்து மீனை எடுத்து முள் நீக்கி ஊட்டும் அளவுக்கு அவள் வரட்டும் என்று பொறுத்தேன். பிறகு ஏலச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்தைச் சோற்றில் கலந்தேன். வாலை ஆட்டிக்கொண்டே தின்றது. பசியோடு அனுப்பவில்லை, சார்.

அன்று மாலை ஜிஸ்மி மறுபடி என்னிடம் வந்தாள்.

சீனிக்குப் பிறகு டைகர். வினோவும் உபதேசியாரும் பழைய வசனங்களோடே வந்தார்கள். நான் மட்டும்தான் தேறியிருந்தேன். எப்போது கையைப் பிடிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் எல்லாம் அத்துப்படி. "நம்ம வீட்டுல எதுவுமே தங்க மாட்டேங்குதே" என்று அழுவாள். "நான் இருக்கேன்ல" என்பேன்.

டைகருக்குப் பிறகு வாங்கிய நாய் பட்டர். அதன் விஷயத்தில் நான் செய்த தவறு ஒன்றுதான். குழியை முன்கூட்டியே வெட்டிவிட்டேன். மத்தியானம் மழை பிடித்தால் மண் சேறாகிவிடுமே என்ற யோசனை. கொழுந்துக் காட்டில் யானை இறங்கி, தேயிலை பறிக்கப் போன ஜிஸ்மியையும் மற்றப் பெண்களையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று யார் கண்டது? இந்த வழக்கில் யாரையாவது குறை சொல்வதென்றால் அந்த யானையைச் சொல்லுங்கள்.

ஜிஸ்மி வந்து நின்றபோது பட்டர் குழி ஓரத்தில் ஈர மண்ணை மோந்துகொண்டிருந்தது. வாயில் லேசாக நுரை.

"இது யாருக்குங்க?" என்றாள்.

"வாழ வைக்க" என்றேன்.

வாழைக்கன்று எங்கே என்று அவள் கேட்கவில்லை. குழியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு பட்டரை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. அதுதான் கொஞ்சம் வருத்தம்.

பட்டர் பிழைத்துவிட்டது என்றீர்கள். சந்தோஷம். மருந்து வைத்தது நான்தான். சீனிக்கும் டைகருக்கும் வைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

ஜிஸ்மி வெளியே பெஞ்சில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்று உங்கள் பெண் போலீஸ் சொன்னார். புருஷனை ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் தாங்கும்? என்னைக் கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார விடுங்கள், சார். அவளைத் தேற்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.