கையை எடுத்தால் நிற்க வேண்டும் இசை

கண்ணில் கனிவும் கையில் கடிகாரமுமாகத் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் எங்கள் மரவேலை, சோபாத் தொழிலாளர் சங்கத் தலைவர் அம்மா அவர்களே! முன்வரிசையை முந்தி வந்து பிடித்த மூத்தோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! சோபா செய்கிறவர்களின் மண்டபத்திலேயே உட்கார இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் தோழர்களே! பழைய ராக் குழுவின் படம் போட்ட பனியனோடு, ‘இவர் தனியாக என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார், பார்ப்போம்’ என்று வந்திருக்கும் இளைஞர்களே! உங்களைத்தான் தம்பி, கையைக் கட்டி அந்தப் படத்தை மறைக்க வேண்டாம். கேட்க வந்த காதுகளுக்கும் வணக்கம். கேலி பேச வந்த வாய்களுக்கும் வணக்கம்!

தலைவர் அம்மா இப்போதே மணியின் மேல் கையை வைத்துவிட்டார்கள். அம்மா, நான் இன்னும் வணக்கத்தையே முடிக்கவில்லை!

நான் யார்? வேலை நாளில் பலகையோடும் பஞ்சோடும் மல்லுக்கட்டுகிற சோபாக்காரன். விடுமுறை நாளில் ஒலிவாங்கி கண்ணில் பட்டால் விடாதவன். ஆனால் இன்று இந்த மேடையில் நான் நிற்பது வேறொரு உரிமையில். இதோ, இந்தத் திரைக்குப் பின்னால் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ‘மச்சான் எப்போதுதான் முடிப்பார்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே, அவர் என் தங்கையின் கணவர், என் மாப்பிள்ளை. ஊர் ஊராக லட்சம் பேரை ஆட வைத்த ஒரு ராக் குழுவில் கிடார் வாசித்தவர். அந்தக் குழுவை விட்டு வெளியே வந்து, தன் விரலை மட்டுமே நம்பி அவர் உருவாக்கிய முதல் இசைத்தொகுப்பு ‘கம்பி அறுந்த பிறகு’. அதை வெளியிடத்தான் கூடியிருக்கிறோம்.

ஏன் விட்டார் என்று உலகமே கேட்டது. புகழ் புளித்துப்போனதா? பாடகரோடு பகையா? பதவி கேட்டுப் பிணங்கினாரா? பத்திரிகைகள் ஒரே சொல்லில் தீர்ப்பெழுதின: மண்டைக்கனம். அவர் பதில் சொல்லவில்லை. வாயால் பேசத் தெரியாத மனிதர் அவர். எங்கள் குடும்பத்தில் அந்தக் குறையைத் தீர்க்கவே நான் பிறந்திருக்கிறேன். ஆகவே இன்று நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு பெரிய விளையாட்டரங்கம். பார்த்த பக்கமெல்லாம் தலை. அந்தக் குழுவின் புகழ்பெற்ற பாட்டு உங்களுக்குத் தெரியும். அதன் நடுவில் பாடகர் ஓய்வார், டிரம்ஸ் ஓயும், கிடார் மட்டும் தனியாக ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும். கேட்பவன் மூச்சு விட மறப்பான். அன்று அந்த வாசிப்பின் உச்சியில், இருப்பதிலேயே மெல்லிய கம்பி டப்பென்று அறுந்து, மாப்பிள்ளையின் புறங்கையில் சுளீரென்று அடித்தது. அறுவது குற்றமா? தைக்கிறவனுக்கு ஊசி உடைவதில்லையா? உடைந்தால் என்ன செய்கிறான்? சமாளிக்கிறான்! கம்பி அறுந்தால் கிடார்க்காரன் என்ன செய்வான்? மிச்சக் கம்பிகளில் விரலை மாற்றி வைத்து, போன ஓசையைத் தேடிப் பிடித்துச் சமாளிப்பான்.

ஆனால் என் அன்பானவர்களே, அன்று கம்பி அறுந்தது, இசை அறவில்லை!

அவர் விரல் மாற்று இடத்தைத் தேடுவதற்குள், மேடையைச் சுற்றி நின்ற அத்தனை ஒலிபெருக்கிகளும் அவருடைய வாசிப்பை ஒரு பிசிறில்லாமல் முழங்கின. எப்படி? முன்பு பாட்டுக்காகப் பதிவு செய்தபோது அவர் வாசித்தது அது. ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பதிவு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒலிமேசையில் வாயைப் பொத்திக்கொண்டு கூடவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஏதாவது தவறினால் உடனே திறந்துவிட வேண்டும் என்பது குழுத்தலைவரான பாடகரின் ஏற்பாடு. குழுவில் எல்லோருக்கும் தெரியும். வாசிக்கிறவருக்கு மட்டும் தெரியாது.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? கிடாரிலிருந்து ஒரு கையை எடுத்தார். இசை நிற்கவில்லை. இன்னொரு கையையும் எடுத்தார். இசை நிற்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ‘பாருங்கள், நான் வாசிக்கவில்லை’ என்று சொல்வதற்காகத் தூக்கினார். கூட்டம் என்ன செய்தது? விசிலடித்தது! “தொடாமலே வாசிக்கிறான்டா!” என்று துள்ளிக் குதித்தது! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் அன்று அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், நானும்தான் விசிலடித்தேன்.

மேடைக்குப் பின்னால் போய்க் குழுத்தலைவரைக் கேட்டார், “ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்று. தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். “இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆகுற? ஜனங்களுக்கு என்ன தெரியப் போகுது? அந்த மாதிரி நேரத்துல நீ பாட்டுக்குக் கையை ஆட்டிக்கிட்டே இரு, போதும்.”

கையை ஆட்டிக்கிட்டே இரு! பத்து விரலையும் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேற்றிக்கொண்ட மனிதனிடம் சொல்கிற சொல்லா இது?

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, மாப்பிள்ளை சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடார். அறுந்த கம்பி அப்படியே சுருண்டு தொங்கியது. என் தங்கை நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வேலைக்குக் கிளம்பிச் சீருடையோடு நின்றிருந்தாள்.

“நான் சமாளிச்சிருப்பேன் மச்சான்” என்றார் அவர். “அடுத்த கம்பியில மேல ஏறிப் பிடிச்சிருப்பேன். கொஞ்சம் பிசிறடிச்சிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்த வாய்ப்பையே குடுக்கலையே.” அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான் வழக்கம்போல ஆறுதலாக ஒரு சொற்பொழிவைத் தொடங்கினேன். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். “அண்ணா, நீ கொஞ்சம் சும்மா இரு.” அவரைப் பார்த்துத் திரும்பினாள். “ஏங்க, நான் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கையை ஆட்டிக்கிட்டு இருந்தா, பஸ்ஸுல இருக்கறவங்க என்ன ஆவாங்க? கை வேலை செய்யாத இடத்துல உங்களுக்கு என்ன வேலை? இன்னைக்கே போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க. மத்ததைப் பாத்துக்கலாம்.” சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு மணி நேரம் பேசினாலும் சொல்லியிருக்க முடியாததை, செருப்பை மாட்டுகிற நேரத்தில் சொல்லிவிட்டாள். அதோ, கதவோரம் நின்று முறைக்கிறாளே, அவள்தான். கைதட்டுங்கள்!

அன்றே விலகினார். குழு நின்றுவிட்டதா? இல்லை. அவர் இடத்தில் வேறொரு இளைஞரை நிறுத்தினார்கள். அவரும் நல்ல பிள்ளைதான்; அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாட்டின் நடுவில் அந்தத் தனிவாசிப்பு வரும்போது, அவர் கையை ஆட்டுகிறார். ஒலிப்பது என் மாப்பிள்ளையின் பழைய விரல்! எண்ணிப் பாருங்கள். ஒரு கலைஞனுக்குப் போட்டி யார்? அடுத்த வீட்டுக்காரனா? அயலூர்க்காரனா? இவருக்குப் போட்டி இவரே! தவறாத, தளராத, வியர்க்காத, பதிவாகிப்போன இவரே! ‘போனவன் இல்லாமலேயே பாட்டு நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஊர் சொன்னது. அது உண்மையானால் இந்த மனிதர் இனி எதற்கு? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவர் மறுபடி கிடாரைக் கையில் எடுத்தார்.

என்ன தம்பி? சத்தமாகச் சொல்லுங்கள். “அந்தப் பாட்டை வாசிக்கச் சொல்லுங்க” என்கிறீர்களா? அந்தப் பாட்டு இன்று வராது. நாளையும் வராது. அது வேண்டுமென்றால் பதிவு இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது, வீட்டில் போட்டுக் கேளுங்கள். இங்கே வந்தவர்களுக்கு இங்கே பிறப்பதுதான் கிடைக்கும். உட்காருங்கள், உட்காருங்கள். கோபமில்லை.

இந்தத் தொகுப்பை எங்கே பதிவு செய்தார்? கண்ணாடி அறையிலா? கம்பளம் விரித்த கூடத்திலா? என் சோபாப் பட்டறையில்! வேலையில்லாத விடுமுறை நாட்களில், பாதி முடிந்த சோபாக்களுக்கு நடுவில்! ‘இசைப்பதிவுக்குச் சுவரில் மெத்தை அடிப்பார்கள்’ என்று யாரோ சொல்லக் கேட்டு, நான் சும்மா இருப்பேனா? நாலு சுவரும் நுரைமெத்தை, கூரை நுரைமெத்தை, கதவுக்குக்கூட உறை தைத்து மாட்டினேன். மாப்பிள்ளை வாசித்தார். சத்தம் போர்வைக்குள் இருமுவதைப் போல வந்தது! உயிரே இல்லை. இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கலாமா என்று நான் கேட்டேன்.

அப்போதுதான் பட்டறை வாசலில் கையில் பெட்டியோடு ஒருவர் வந்து நின்றார். விளையாட்டரங்கில் அந்தப் பதிவைத் திறந்துவிட்ட அதே ஒலிமேசைக்காரர். அன்று அவர் செய்தது அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மேசையில் அவருக்கு உட்காரப் பிடிக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். தங்கை வாசலை மறித்துக்கொண்டாள்.

“பெட்டியில என்ன கொண்டு வந்திருக்கீங்க?”

“மைக்கும் வயரும் ஒரு சின்ன ஒலிமேசையும்தான்மா. பழைய பதிவு எதுவும் இல்ல.”

“அப்ப உள்ள வாங்க.”

உள்ளே வந்தவர் ஒரு முறை கைதட்டிப் பார்த்தார். “இந்த மெத்தையில பாதியைக் கழட்டுங்க சார், சுவரும் கொஞ்சம் பேசட்டும்” என்றார். தைத்த கையாலேயே கழற்றினேன். பிறகு மாப்பிள்ளை வாசித்தார் பாருங்கள், பட்டறையின் ஆணிகளெல்லாம் அதிர்ந்தன! ஒரு பாட்டின் நடுவில் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “எங்க சோபா ரெடியா, இல்லையா?” என்று கேட்டுவிட்டார். அதை மட்டும் வெட்டிவிட்டோம். ‘என் குரலை ஏன் எடுத்தீர்கள்’ என்று அவர் இன்றுவரை என்னோடு சண்டை. அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அம்மா, சோபாவைத்தான் கொடுத்துவிட்டேனே!

கடைசிப் பாட்டுக்கு வந்தோம். நீண்ட பாட்டு. ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டிருந்தார். உச்சிக்கு ஏறினார். டப்!

அதே மெல்லிய கம்பி. அதே சுளீர். ஒலிமேசைக்காரரின் கை மேசையை விட்டு விலகி மடிக்குப் போனது. அந்தப் பட்டறையில் அப்போது ஒன்றுமே ஒலிக்கவில்லை. ஒன்றுமே! எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு அது ஒரு யுகம். அந்த அமைதிக்குள் மாப்பிள்ளையின் விரல் அடுத்த கம்பியில் இறங்கியது. முதலில் பிசிறடித்தது. நழுவியது. மறுபடி தேடியது. பிறகு பிடித்தது! பிடித்து, இழுத்து, ஏற்றி, அறுந்த இடத்திலிருந்து அதைவிட உயரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது! வாசித்து முடித்து நிமிர்ந்தார். “பாத்தீங்களா மச்சான்?” என்றார். நான், நானா? எனக்கே பேச்சு வரவில்லை.

வெளியிட வந்த நிறுவனத்து மனிதர் கேட்டுவிட்டு, “எல்லாம் பிரமாதம். கடைசிப் பாட்டுல மட்டும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷத்துல அடைச்சிடலாம்” என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டி மறுத்தார். “அந்தப் பிசிறையாவது எடுத்துடலாமே?” மறுத்தார். “அப்ப எங்களால வெளியிட முடியாது.” “சரிங்க” என்றார், எழுந்து வந்துவிட்டார். அதனால்தான் பெரிய நிறுவனத்தின் பெயர் இதன் அட்டையில் இல்லை. அதனால்தான் பளபளக்கும் அரங்கம் இல்லாமல், மரத்தூள் மணக்கும் இந்தச் சங்க மண்டபத்தில் நிற்கிறோம். வருத்தமா? துளியும் இல்லை! அந்த அமைதியும் அந்தப் பிசிறும் இந்தத் தொகுப்பின் ஓட்டைகளா? அவைதான் இதன் உயிர்! ஒரு மனிதன் அங்கே இருந்தான் என்பதற்கு அவைதான் சாட்சி!

மணி அடித்துவிட்டது, முடித்துவிடுகிறேன் அம்மா, சத்தியமாக.

இப்போது திரை விலகும். அதோ, மண்டபத்தின் கோடியில் அதே ஒலிமேசைக்காரர் அமர்ந்திருக்கிறார். அவர் மேசையில் இன்று எந்தப் பதிவும் ஓடவில்லை. என் மாப்பிள்ளை கையை வைத்தால் ஒலிக்கும். கையை எடுத்தால் நிற்கும். உங்களிடம் நான் கைதட்டல் கேட்கவில்லை. விசில் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாசிப்பின் நடுவில் திடீரென்று எல்லாம் நின்று போனால், எழுந்துவிடாதீர்கள். அந்தப் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தாதீர்கள். ஒரு கம்பி அறுந்திருக்கும், அவ்வளவுதான். அந்த அமைதியில் அவரோடு சேர்ந்து நீங்களும் காத்திருங்கள். லட்சம் பேர் கூடிய அரங்கம் அவருக்குக் கொடுக்காத அந்த வாய்ப்பை, இந்த மண்டபம் கொடுக்கட்டும்!

அவர் சமாளிப்பார்.

பொறுமையாக மணியடித்த தலைவர் அம்மாவுக்கும், மெத்தையைக் கழற்றச் சொன்ன நண்பருக்கும், கதவோரம் நிற்கும் என் தங்கைக்கும், பனியனோடு வந்து இதுவரை உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் இந்தச் சோபாக்காரனின் வணக்கம். மாப்பிள்ளை, வாங்க! இனி உங்க கை பேசட்டும்.