எப்சியின் பின்சக்கரம்

சாயங்காலம் ஆறேகால் மணி. கண்மாய்க்கரை ரோடு. முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. மலைக்காற்று மட்டும்...

எந்தக் கண்மாய் என்று கேட்காதீர்கள். மம்சாபுரத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் நாளைக்கே போய் நின்று போட்டோ எடுப்பீர்கள், உங்களைத் தெரியாதா எனக்கு? விக்னேஷ்வரா, அந்தச் செல்போன் லைட்டை அணை. கரண்டு வரும்போது வரட்டும். விடிந்தால் சைக்கிளை எடுக்க வேண்டும், தூங்கலாம் என்றால் இந்தத் தோப்பு ஷெட்டின் தகரம் அடித்துக்கொள்கிற அடியில் தூக்கம் எங்கே வரும். அதனால் சொல்கிறேன். சும்மா பொழுதுபோக்கவும் சொல்லவில்லை. ஏன் இன்றைக்குச் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

என் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறாள் செல்லத்தாய். அவளுடைய அக்கா மகள்தான் எப்சி. ஆமாம், சனிக்கிழமைதோறும் நம்மோடு வருகிறாளே, அதே எப்சி. நம் வரிசையில் எப்போதும் கடைசி ஆளாக வருவாள். பின்தங்கினவர்களை விட்டுவிடாமல் கூட்டி வருகிறாள், தங்கமான பிள்ளை என்கிறீர்கள். தங்கமான பிள்ளைதான். ஆனால் அவள் கடைசியில் வருவதற்குக் காரணம் அது இல்லை.

அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். கிளாட்வின். சைக்கிள் பைத்தியம். ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ரோட்டில் இறங்கிவிடுவான். தங்கைக்கும் அவன்தான் பழக்கினான். மலையடிவாரத்தில் ஏற்ற இறக்கம், நாலு கண்மாய், நடுவில் தென்னந்தோப்பு. அண்ணனும் தங்கையும் சுற்றாத கரை கிடையாது.

முனீஸ்வரி புதுசு, அவளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிர்காற்றில் முன்னால் போகிறவர்தான் காற்றை வெட்டுவார். பின்னால் ஒரு சாண் தள்ளி ஒட்டிப் போகிறவருக்குப் பாதிப் பாடுதான். முன்னால் போகிறவர் களைத்தால் முழங்கையை வெளியே இரண்டு ஆட்டு ஆட்டுவார். அப்படியென்றால், இனி உன் முறை, முன்னால் வா என்று அர்த்தம். அவர் ஒதுங்குவார், பின்னால் வந்தவர் முன்னால் போய்க் காற்றை வாங்க வேண்டும். அதுதான் மரியாதை. சிலருக்கு அந்த மரியாதை கிடையாது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று யார் பின்னாலாவது ஒட்டிக்கொண்டே வருவார்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று அவனுக்கே தெரியும். சிரிக்காதே, விக்னேஷ்வரா.

கிளாட்வின் தங்கைக்கு ஒரு நாளும் முழங்கையை ஆட்டினது கிடையாது. காற்று எல்லாம் அவனுக்கு, காற்றுப் படாத நிழல் எல்லாம் அவளுக்கு. அவள் தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள். அவனுடைய பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போவாள். அந்தச் சக்கரத்துக்கு ஒரு சத்தம் உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் ஃப்ரீவீல் சுற்றும் இல்லையா... டிக் டிக் டிக் என்று. அவனுடையதில் ஒரு பல் உடைந்திருந்தது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டுப் போகும்... மறுபடியும் டிக் டிக் டிக். கூடவே நீலகிரித் தைல வாடை. முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டுதான் ஏறுவான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாசம். நான் சொன்னேனே அந்தக் கரை, அது மேற்கே மலையைப் பார்த்துத் திரும்புகிற இடம். காற்று ஆளைத் தள்ளுகிறது. அன்றைக்குத்தான் கிளாட்வின் முழங்கையை ஆட்டினான். முதல் தடவையாக. எப்சி விளையாடுகிறான் என்று நினைத்தாள். மறுபடியும் ஆட்டினான்.

"மூச்சு வாங்குதுண்ணே. மடை வரைக்கும் இழு. பொறவு நான் வாரேன்."

அவன் குனிந்து மிதித்தான். மடை வரைக்கும் இழுத்தான். மடை வந்ததும் சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்தது... கரைக்கு அடுக்கியிருந்த கல்லில் உருண்டு கீழே சேற்றில் போய் விழுந்தான். அவள் இறங்கி ஓடிப் புரட்டிப் பார்த்தபோது மூச்சு இல்லை. முப்பத்தொரு வயசு. நெஞ்சுவலியோடுதான் அவ்வளவு தூரமும் வந்திருக்கிறான் என்று டாக்டர் சொன்னாராம். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வருஷம் சைக்கிளைத் தொடவில்லை. நினைவு நாள் ஜெபம் முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவளுக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அதுதான் அந்த ஆறேகால் மணி.

கரை திரும்பியது. காற்று முகத்தில் அறைந்தது. குனிந்து மிதித்தாள். ஒரு பத்து மிதி இருக்கும்... காற்று நின்றுபோனது.

ஓய்ந்துவிட்டது என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். கரையோரத்துக் கருவேல மரம் எல்லாம் வளைந்து ஆடுகிறது. கண்மாய்த் தண்ணீர் சிலிர்த்து அலையடிக்கிறது. அவளுக்கு மட்டும் காற்று இல்லை. கொஞ்சம் வலது பக்கம் விலகினாள், காற்று அடித்தது. மறுபடியும் உள்ளே வந்தாள், காற்று இல்லை. ஒரு ஆள் அகலத்துக்கு.

தைல வாடை வந்தது.

அவளுக்குப் பயமே வரவில்லையாம். அழுதுகொண்டே மிதித்தாளாம். அண்ணன் எனக்காக வந்துவிட்டான் என்று அவ்வளவு சந்தோஷம். மடை வரைக்கும் அந்த நிழல் அவளை இழுத்துக்கொண்டு போனது. மடை வந்தது... நிழல் இடது பக்கமாக ஒதுங்கியது. காற்று மொத்தமும் அவள் நெஞ்சில் வந்து விழுந்தது.

அவள் முறை.

முந்தின வருஷம், பொறவு நான் வாரேன் என்று சொன்னவள்தானே. முன்னால் போனாள். பின்னால் கேட்டது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டு... டிக் டிக் டிக். அவன் மிதிக்கவில்லை. அவளுடைய நிழலில் சும்மா வருகிறான். வரட்டும், எவ்வளவு நாள் எனக்காக இழுத்தான், வீடு வரைக்கும் நான் இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வீடு வந்தது. பிரேக்கைத் தொட்டாள். பின்டயரில் எதுவோ உரசியது. ரப்பரோடு ரப்பர்... உஸ்ஸ் என்று. கருகின வாடை. சைக்கிள் துள்ளியது. பயந்து மறுபடியும் மிதித்தாள், உரசல் நின்றது. மெதுவாகப் போனால் உரசும், வேகமாகப் போனால் விடும். வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே சொந்தக்காரர்கள் எல்லாம் நிற்கிறார்கள், அவளால் நிற்க முடியவில்லை. ஊரைத் தாண்டி, வ. புதுப்பட்டி ரோட்டில் கால் மரத்து விழுந்து கிடந்தவளை வேன்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்.

முழங்கையை ஆட்டிப் பார்த்தாளாம். கெஞ்சிப் பார்த்தாளாம். அவன் முன்னால் வரவே இல்லை.

ரத்தினம் சைக்கிள் கடையில் டயர் மாற்றும்போது அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். இடது பக்கம் நெடுகத் தேய்ந்து வழுவழு என்று இருந்தது.

"யாரும்மா உன் பின்னால இம்புட்டு ஒட்டி வாறது? ஒரு நாள் இல்ல ஒரு நாள் தள்ளிவிட்டுருவான், பாத்துக்கோ" என்றாராம்.

சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதானே என்று நானும் செல்லத்தாயிடம் கேட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும். எப்சி அதையும் செய்து பார்த்தாள். சைக்கிளைப் பின்கட்டில் வைத்துப் பூட்டினாள். அன்று காற்று எழுந்த நேரத்தில் தெருவில் கேட்டது. டிக் டிக் டிக்... ஒன்று விட்டு. வாசல் வரைக்கும் வந்து நின்றது. அடுப்படியில் இருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்தச் சத்தத்தைப் பத்து வருஷமாகக் கேட்டவள் அல்லவா.

"ஏட்டி, கிளாட்வின் வந்துட்டான். கதவத் தொற."

அம்மாவின் முகம் பூராவும் சிரிப்பு. தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். எப்சி அந்தக் கையைப் பிடித்து இழுத்து, அம்மாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பின்கட்டு வழியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து காற்று எழுந்தால் அவள் ரோட்டில் இருக்க வேண்டும். ரோட்டில் அவள் இருந்தால்தான் அம்மா வீட்டில் இருப்பாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது, பார்த்தீர்கள் அல்லவா. உடம்பைக் குறைக்கிறாள் என்று நீங்கள்தான் பாராட்டினீர்கள்.

என்ன கேட்கிறாய், முனீஸ்வரி? நடுவில் வேறு யாராவது புகுந்தால்...? அதையும் சொல்கிறேன்.

ஒரு நாள் புதுப்பட்டி ரோட்டில் ஒரு பால்காரர், இரண்டு பக்கமும் கேன் கட்டிய சைக்கிளில், எதிர்காற்றுக்குப் பயந்து எப்சியின் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டார். அந்த நிமிஷம் அவளுக்குப் பின்னால் சத்தம் நின்றது. மிதி பஞ்சு மாதிரி ஆகிவிட்டதாம். மாசக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி. திரும்பிப் பார்த்தாள். சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டது. அந்த மனுஷன் வாயைத் திறந்தபடி, கண் பிதுங்க, நிறுத்த முடியாமல் மிதித்துக்கொண்டு வருகிறார். கேன் இரண்டும் அடித்துப் பால் ரோடெல்லாம் சிந்துகிறது.

அவள் அப்படியே வேகமாகப் போயிருக்கலாம். போகவில்லை. ஒதுங்கி, அவரை முன்னால் போகவிட்டு, அவருக்குப் பின்னால் போய்த் தானாகவே சேர்ந்துகொண்டாள். டிக் டிக் டிக்... மறுபடியும் அவளிடம் வந்தது. பிள்ளைகுட்டிக்காரர் சித்தி, பாவமா இருந்துச்சு என்று செல்லத்தாயிடம் சொன்னாளாம். அதற்குப் பிறகுதான் நம் கூட்டத்தில் அவள் கடைசியில் வர ஆரம்பித்தாள். தனக்குப் பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது என்று.

இதையெல்லாம் நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். செல்லத்தாய் சொன்னாள், நானும் மாசக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இன்றைக்குக் கரண்டு போவதற்குக் கொஞ்சம் முன்னால் எப்சி போன் பண்ணினாள். நாளைக்குக் காலையில் மம்சாபுரம் ரோடு பிரிகிற விலக்கில் வந்து நம்மோடு சேர்ந்துகொள்கிறாளாம். காற்று பலமாக இருக்கும் போலிருக்கிறதே, அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கலாமே என்றேன். நாலு நாளாக ராத்திரியிலும் காற்று நிற்கவில்லை, தானும் ரோட்டிலேயேதான் கிடப்பதாகச் சொன்னாள். குரலே இல்லை, வெறும் மூச்சாக வந்தது.

"ஜெயபாய் டீச்சர்... நாளைக்கு நான் முன்னால போறேன். கடைசியில வர எனக்கு ஏலல. இனிமே ஏலாது டீச்சர்."

சரி என்றேன்.   போனை வைத்துவிடுவாள் என்று பார்த்தேன், வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். காற்றுக்குள்ளே... சரி, விடுங்கள். பிறகு ஒன்று கேட்டாள்.

"விக்னேஷ்வரன் வாரானா?"

நான் யோசிக்காமல், வருவான் என்று சொல்லிவிட்டேன்.