நிலாவுக்கு இன்னும் நாலு மாசம்

சிராங்கூன் சாலை நிறுத்தத்தில் பஸ் புறப்படாமல் நின்றிருந்தது. நான் முன் இருக்கையில் இருந்தேன். டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் நாலே மாசம், நான் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்துருவேன்" என்றார்.

"என்னண்ணே, காலையிலேயே?"

"கணக்குப் போட்டேன் லா. ஒரு நாளைக்கு அறுபது மைல் ஓட்டுறேன், வருஷத்துக்கு முந்நூறு நாள். பதினெட்டாயிரம் மைல் ஆச்சா? பதிமூணு வருஷமா ஓட்டுறேன். நிலா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மைல்தான்."

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். அவ்வளவு தூரம் போன மனுஷன், என்னை ஒரு தடவை இதோ இருக்குற சாங்கி பீச்சுக்குக் கூட்டிட்டுப் போகலையேன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டிரைவர் எஞ்சினைக் கிளப்பினார்.

"பதிமூணு வருஷமாச் சொல்றதைத்தான் சொன்னேன். அது ரொம்பத் தூரம்னு."